அத்தியாயம் 3: ஏழாம் பிரதியும் பதினோரு குழிகளும்

கிர்க்டாரி கோல்ஃப் கிளப்பின் முன்வாசல் வழியாக நாய்கள் போகலாம். கழுத்தில் சங்கிலி இருந்தால் போதும். பெண்கள் போகக்கூடாது. சங்கிலி போட்டுக்கொண்டு வந்தாலும் கூடாது.

"விதி, மேடம்," என்றான் வாசலில் நின்றவன்.

"உங்க கேப்டன் கூப்பிட்டுத்தான் வந்திருக்கோம்," என்றார் மிஸ் டல்கார்னோ.

"அதுக்கென்ன, பக்கவாட்டு வழியா வாங்க. ஷூ ரூம்ல உக்காரலாம்."

"எத்தனை ஜோடி கால் நாத்தம்?" என்று கேட்டேன்.

அவன் யோசித்தான். "இருநூறு இருக்கும்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, ஃபைஃப் கடற்கரை, வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி. இரண்டு பெண்கள், அதில் ஒருத்தி பட்டதாரி, பக்கவாட்டு வழியாக ஷூ ரூமுக்குள் நுழைந்தோம். அந்தப் பட்டதாரி நான். செங்கா லம்ஸ்டன். என் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் குனிந்தவர். எங்கள் வம்சத்தில் பல்கலைக்கழகப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஐல்சா டல்கார்னோவுக்கு உதவியாளராக இருக்கிறேன். காணாமல் போன அபூர்வப் புத்தகங்களைக் கண்டுபிடிப்பது அவர் தொழில். ஆறடி உயரம், ஆண்கள் கோட்டு, வாயில் எப்போதும் ஒரு வெள்ளைப் பெப்பர்மிண்ட். மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். கடித்தால் எவனோ மாட்டினான் என்று அர்த்தம்.

காணாமல் போனது 'மணலும் சரிவும்' என்ற புத்தகம். எவராட் கினெய்ர்ட் என்ற கனவான் 1912இல் எழுதியது. கோல்ஃப் மைதானத்தை எப்படி வடிவமைக்க வேண்டும், மேட்டை எங்கே வைக்க வேண்டும், மணல் பள்ளத்தை எங்கே தோண்ட வேண்டும் என்று தொண்ணூறு பக்கம். கடைசியில் மடித்து ஒட்டிய ஒரு வரைபடம். மொத்தம் நாற்பது பிரதிகள்தான் அச்சிட்டார்கள், ஒவ்வொன்றிலும் கையால் எண் போட்டு. கிளப்பிடம் இருந்தது ஏழாம் எண். கினெய்ர்ட் தன் வாழ்நாளில் மண்வெட்டி பிடித்ததில்லை. குடையால் காட்டுவார், மற்றவர்கள் தோண்டுவார்கள். புத்தகத்தின் முகப்பில் குடை பிடித்த படமே இருக்கிறதாம்.

இந்தப் புத்தகங்களைச் சேர்ப்பதற்கென்றே உலகத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது. மூன்று நாளாக அவர்களுக்குப் போன் போட்டு என் காது வெந்துவிட்டது. லண்டனில் ஒருவர், கையுறை போடாமல் புத்தகத்தைப் பற்றிப் பேசக்கூட மாட்டேன் என்றார். போனில்தான் பேசினோம். கலிஃபோர்னியாவில் ஒரு பல் டாக்டர், மைதான வடிவமைப்புப் புத்தகங்கள் மட்டும் முன்னூறு வைத்திருக்கிறார். "எத்தனை படிச்சிருக்கீங்க?" என்றேன். "படிக்கிறதா? முதுகு உடைஞ்சிரும்," என்றார். புத்தகத்தின் முதுகைச் சொன்னார்.

ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் ஏழாம் பிரதி காணாமல் போனது தெரிந்திருந்தது. ஒருவரிடமும் யாரும் விலை பேச வரவில்லை.

"விக்கிறதுக்கு எடுத்திருந்தா மூணே நாள்ல மூச்சு வெளிய வந்திருக்கும்," என்று வரும் வழியில் காரில் சொன்னார் மிஸ் டல்கார்னோ. "இவனுங்க ஒருத்தனை ஒருத்தன் மோப்பம் பிடிச்சுக்கிட்டே திரியுறவனுங்க. அப்ப என்ன அர்த்தம்?"

"திருடன் சோம்பேறின்னு அர்த்தம்."

"வச்சுக்கிறதுக்கு எடுத்திருக்கான்னு அர்த்தம், செங்கா."

ஷூ ரூமுக்குக் கேப்டன் வந்தார். கப்பல் கேப்டன் இல்லை, கிளப் கேப்டன். ரானுல்ஃப் கெய்ர்ன்கிராஸ். வக்கீல், சிவந்த கழுத்து, அதைவிடச் சிவந்த கோட்டு. எங்களைப் பார்த்ததும் முகம், ஓட்டலில் வேறு யாரோ சாப்பிட வேண்டிய தட்டு தன் மேஜைக்கு வந்துவிட்டதைப் போல ஆனது. அவர் பின்னால் மெலிந்த, வெள்ளைத்தாடி வைத்த ஒரு முதியவர். புவியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற லுடோவிக் ஹாலிபர்ட்டன், கமிட்டி உறுப்பினர்.

"சுருக்கமா முடிச்சுக்கலாம்," என்றார் கேப்டன். "திருடனைப் பிடிச்சாச்சு. உங்க வேலை பொருளைக் கண்டுபிடிக்கிறது மட்டும்."

"யாரு திருடன்?" என்றார் மிஸ் டல்கார்னோ.

"மங்கோ பிட்கேர்ன். எங்க மைதான மேஸ்திரி. புல் வெட்டுறவன்."

"பதினேழு வருஷமா இந்த மைதானத்தை உயிரா பாத்துக்கிட்டவர்," என்று மெல்லத் திருத்தினார் பேராசிரியர். "ரொம்ப வருத்தமான விஷயம், மிஸ் டல்கார்னோ. போலீஸ் வேண்டாம்னு நான்தான் கெஞ்சிக் கேட்டேன். ஏதோ கஷ்டம், கை நீட்டிட்டாரு. வேலையை விட்டுட்டு வீட்டைக் காலி பண்ணிட்டா போதும்."

"வீடு?"

"கிளப்போட வீடு," என்றார் கேப்டன். "வேலை இருந்தா வீடு. இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கமிட்டி. கையெழுத்தாச்சுன்னா நாளைக்குக் காலையில சாவியைக் குடுத்துரணும்."

மூன்று மணி நேரம். ஒரு குடும்பத்தின் கூரைக்கு அவ்வளவுதான் ஆயுள்.

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "நீங்க எங்க படிச்சீங்க, அம்மா?"

"எடின்பரோ. என் வீட்ல நான்தான் முதல் பட்டதாரி." ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரும் கேட்காமலே சொல்லிவிடுகிற வியாதி எனக்கு.

"அபாரம்! உங்கள மாதிரி ஆளுங்க வர்றதுதான் பல்கலைக்கழகத்துக்கே பெருமை," என்றார். கண்களில் நிஜமான ஈரம்.

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. இருநூறு ஜோடி ஷூக்களுக்கு நடுவே ஒரு மனிதன் என்று நினைத்தேன்.

"என்ன ஆதாரம் வச்சிருக்கீங்க?" என்றார் மிஸ் டல்கார்னோ.

கேப்டன் கோட்டுப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து, அதிலிருந்து கெட்டி அட்டை ஒன்றை பெஞ்சின் மேல் வைத்தார். கோல்ஃப் ஸ்கோர் கார்டு. தலைப்பில் தட்டச்சில் ஒரு பெயர்: எம். பிட்கேர்ன். கீழே ஒன்று முதல் பதினெட்டு வரை குழிகளுக்குக் கட்டங்கள். பதினொன்று வரை பென்சிலில் எண்கள். மிச்சம் காலி. கையெழுத்துக் கோடுகள் இரண்டும் காலி. அட்டை மழையில் நனைந்து உலர்ந்து மொறமொறப்பாக இருந்தது. ஓரத்தில் ஒரு பச்சைக் கறை.

"போன சனிக்கிழமை ஊழியர் கோப்பை," என்றார் கேப்டன். "வருஷத்துக்கு ஒரு தடவை வேலைக்காரங்களோட சேர்ந்து ஆடுவோம். சீட்டுக் குலுக்கி ஜோடி. பதினொண்ணாவது குழி முடியும்போது இடி. சங்கு ஊதி நிறுத்திட்டோம். மிச்சம் ஏழு குழி நாளைக்கு. எல்லாரும் ஓடி வந்து பார்ல உக்காந்தோம். ஞாயித்துக்கிழமை காலையில பாத்தா கண்ணாடி அலமாரியில புத்தகம் இல்ல. அலமாரிக்குச் சாவி என் சங்கிலியில இருக்கு. ஆனா உள்பக்கம் ஒரு பித்தளைக் கொக்கிதான். இடுக்குல கெட்டியா எதையாவது விட்டு நெம்பினா திறந்துக்கும். இந்தக் கார்டை விட்டு நெம்பியிருக்கான், ஓரத்துல பித்தளைக் களிம்புப் பச்சை பாருங்க. கை நழுவி உள்ள விழுந்திருக்கு. தட்டுக்குப் பின்னால கிடந்துச்சு. அவன் பேரோட! இதைவிட என்ன வேணும்?"

"மூளை," என்றேன். நான் மெல்லச் சொன்னதாக நினைத்தேன்.

"செங்கா, கார்டை நோட்டுல எழுதிக்கோ," என்றார் மிஸ் டல்கார்னோ.

எழுதினேன். முதல் குழிக்கு நாலு அடி, அடுத்ததற்கு நாலு, அடுத்து ஐந்து, நாலாவது குழிக்கும் ஐந்து, பிறகு நாலு, மூன்று... பதினொன்று வரை.

"ஆட்டம் எப்படி ஆடுவாரு இந்த மங்கோ?"

"அதிர்ஷ்டக்காரப் பய," என்றார் கேப்டன். அந்தக் கேள்வியில் மட்டும் அவருக்கு உயிர் வந்தது. "எனக்கு அடுத்த ஜோடியில வந்தான். நாலாவதுல மணல் பள்ளத்துக்குள்ள கிடந்தான். அஞ்சாவது ஆரம்பிக்கிற மேட்டுல நின்னு நான் பாக்குறேன், பள்ளத்துக்குள்ளேர்ந்து ஒரே தட்டு, பந்து நேரா குழிக்குள்ள. மூணே அடி! இருபது வருஷமா ஆடுறேன், எனக்கு அங்க மூணு வந்ததில்ல. பார்ல அன்னிக்கு அதான் பேச்சு. அப்படிப்பட்ட கை திருடாம என்ன செய்யும்?"

டக். மிஸ் டல்கார்னோ பெப்பர்மிண்ட்டைக் கடித்தார்.

"மங்கோகிட்ட இந்தக் கார்டைக் காட்டுனீங்களா?"

"எதுக்கு? ஆதாரம் இருக்குன்னு சொன்னோம். எடுக்கலன்னான். எல்லாத் திருடனும் அதைத்தான் சொல்லுவான்."

"அஞ்சு மணிக்கு அறிக்கை தர்றேன். கமிட்டி ரூம்லயா?"

கேப்டனின் கழுத்து இன்னும் சிவந்தது. "அங்க பெண்கள்..."

"அப்ப நீங்க எல்லாரும் இங்க வந்துருங்க. மங்கோவையும் கூட்டிட்டு வர்றேன். பெஞ்சு போதும்."

மேஸ்திரியின் வீடு பதினேழாவது குழிக்குப் பின்னால், கடற்காற்று நேராக முகத்தில் அறைகிற இடத்தில் இருந்தது. கதவைத் திறந்தவள் அவர் மனைவி நெட்டா. முன்கூடத்தில் சாமான் கட்டுவதற்கான பழைய தேயிலைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கிளப் ஆளா?" என்றாள்.

"கிளப் கூப்பிட்ட ஆளு. கிளப் ஆளில்ல," என்றார் மிஸ் டல்கார்னோ.

"ரெண்டும் ஒண்ணுதான். கால் துடைச்சுட்டு வாங்க. நாளைக்குக் காலி பண்ணாலும் இன்னிக்கு வரைக்கும் என் வீடு."

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

மங்கோ பின்கதவு வழியாக வந்தார். ஐம்பது வயது, தோளகலம், கையெல்லாம் மண். வேலையை விட்டு அனுப்பப்போகிறவர்களின் மைதானத்தில் அன்றைக்கும் பள்ளத்து ஓரத்துக்குப் புல்கட்டி அடுக்கிவிட்டு வந்திருந்தார்.

"எதுக்குய்யா இன்னும் வேலை பாக்குறீங்க?" என்றேன். அடக்கமுடியவில்லை.

"புல்லு என்ன பாவம் பண்ணுச்சு, பொண்ணே?" என்றார். "உக்காருங்க. நெட்டா, டீ போடு."

"கெட்டிலைக் கட்டி வச்சாச்சு."

"அவுத்துரு."

அவிழ்த்தாள். கூடவே தட்டில் ஆளுக்கொரு பிரிடியும் வந்தது, கறி அடைத்துச் சுட்ட அந்த ஊர்ப் பலகாரம். கட்டின பெட்டியிலிருந்தே தட்டை எடுத்து வைத்தாள்.

"அந்தப் புத்தகத்தை நீங்க பாத்திருக்கீங்களா?" என்றார் மிஸ் டல்கார்னோ.

"கண்ணாடிக்கு வெளியேர்ந்து. பதினொண்ணாவது குழியில தண்ணி தேங்குது, கினெய்ர்ட் காலத்து வடிகால் எங்க போகுதுன்னு பாக்கணும், கடைசில இருக்கிற வரைபடத்தை ஒரு நிமிஷம் காட்டுங்கன்னு அஞ்சாறு தடவை கேட்டேன். கைல மண்ணுன்னு சொல்லிட்டாங்க." கையைத் திருப்பிப் பார்த்தார். "மண்ணுதான்."

"சனிக்கிழமை இடி இடிச்சதும் எங்க போனீங்க?"

"கொடிக்கம்பெல்லாம் பிடுங்கிட்டு வந்து, பம்பு ஷெட்டுக்குப் போனேன். கரண்ட்டை அணைக்கணும்ல. பாருக்கெல்லாம் நமக்கு எங்க நேரம்?"

"ஷெட்ல உங்களை யாராவது பாத்தாங்களா?"

"எலி பாத்துச்சு."

"அலமாரிக்குள்ள கிடந்தது என்ன தெரியுமா? உங்க ஸ்கோர் கார்டு. உங்க பேரோட."

மங்கோ சிரித்தார். முதலில் வாய்க்குள், பிறகு வாய்விட்டு. நெட்டா சுற்றிக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டுத் திரும்பினாள். எனக்குக் கோபம் வந்தது. வீடு போகப்போகிறது, இந்த ஆள் சிரிக்கிறார்.

"இதுல என்ன சிரிப்பு?"

"என் கார்டு என்கிட்ட எப்படி இருக்கும், பொண்ணே? நீ கோல்ஃப் ஆடுனதில்லையா?"

"எங்க ஊர்ல தரைக்கு அடியிலதான் எல்லாம் நடக்கும்."

"இங்க பாரு. நீயும் நானும் ஜோடி சேர்ந்து ஆடுறோம்னு வை. ஆரம்பிக்கும்போதே கார்டை மாத்திக்குவோம். என் கணக்கை நீ எழுதணும், உன் கணக்கை நான் எழுதணும். அடி குறைஞ்சவன்தான் ஜெயிக்கிறவன். அவனவன் கணக்கை அவனவன் எழுதினா உலகம் தாங்குமா? எல்லாம் முடிஞ்சப்புறம்தான் கார்டு கை மாறும். நான் என் கார்டை வாங்கிச் சரிபாத்து, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, பெட்டியில போடணும். சனிக்கிழமை ஆட்டம் முடியவே இல்லையே. பாதியில ஓடிட்டோம்."

நான் நோட்டைப் பார்த்தேன். பதினோரு குழி. கையெழுத்து இல்லை.

"அப்ப உங்க பேரு போட்ட கார்டு இருந்தது..."

"என்கூட ஆடுனவர் பையில."

"அவர் கார்டு?" என்றார் மிஸ் டல்கார்னோ.

"கதவுக்குப் பின்னால தொங்குதே, அந்த மழைக்கோட்டுல. அன்னிக்குக் கழட்டி மாட்டினது. கமிட்டி கூப்பிட்டு அந்தப் பேச்சு பேசினப்புறம் அந்தக் கோட்டைத் தொடக்கூட மனசு வரல."

நெட்டா கோட்டை எடுத்து உதறினாள். மெழுகுத் துணியின் உள்பையிலிருந்து ஒரு பென்சில், பந்தை ஏற்றி வைக்கிற இரண்டு மரக்குச்சிகள், ஓர் அட்டை. அதே நீளம், அதே அகலம், அதே மொறமொறப்பு. அட்டையை என்னிடம் நீட்டினாள்.

தலைப்பில் தட்டச்சில்: எல். ஹாலிபர்ட்டன்.

'உங்கள மாதிரி ஆளுங்க வர்றதுதான் பெருமை.' என் காதோரம் சுட்டது. அந்த ஈரக்கண்ணை நான் நம்பியிருக்கிறேன்.

"மேடம், அந்த ஆளு மங்கோவுக்காகக் கெஞ்சினாரே. போலீஸ் வேண்டாம்னு."

"போலீஸ் வந்தா முதல்ல என்ன கேக்கும்?"

"...இவர்கூட ஆடினது யாருன்னு கேக்கும்."

"வருஷக்கணக்கா கோல்ஃப் ஆடுற அஞ்சு பேரு அந்தக் கமிட்டியில. அஞ்சு பேருக்கும் இந்த வழக்கம் மூச்சு விடுற மாதிரி. கார்டுல டாக்டர் பேரோ வக்கீல் பேரோ இருந்திருந்தா, அடுத்த நொடியே 'இது யாரு பையில இருந்துச்சு?'ன்னு கேட்டிருப்பானுங்க. இருந்தது மேஸ்திரி பேரு. அதுக்கு மேல எவனுக்கும் யோசிக்கத் தோணல." மிஸ் டல்கார்னோ புதிய பெப்பர்மிண்ட் ஒன்றை வாயில் போட்டார். "மங்கோ, கையைக் கழுவாதீங்க. அப்படியே வாங்க."

ஐந்து மணிக்கு ஷூ ரூமில் ஐந்து கனவான்கள் தாழ்ந்த பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். வாழ்க்கையில் எனக்குப் பிடித்த காட்சிகளில் இதற்கு முதலிடம் கொடுத்திருக்கிறேன். மங்கோ கதவருகே நின்றார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"பொருள் கிடைச்சுதா?" என்றார் கேப்டன்.

"கிடைச்சிரும். முதல்ல ஒரு சின்னச் சந்தேகம். நாளைக்கு மிச்ச ஆட்டம் இருக்கு. உங்க கார்டு கைவசம் இருக்கா, கேப்டன்?"

"இருக்கு. இதோ." கோட்டுப் பையில் கைவிட்டு எடுத்தார்.

"பேரைப் படிங்க."

"டாக்டர் ஆர்பத்நாட். என் ஜோடி. அவர் கார்டு என்கிட்டதானே இருக்கும், என் கார்டு அவர்..." நிறுத்தினார்.

பக்கத்தில் இருந்த டாக்டர் ஆர்பத்நாட்டின் கை தானாகத் தன் பைக்குப் போனது. அடுத்தவர் கையும் போனது. அதற்கு அடுத்தவர் கையும். நாலு பைகளிலிருந்து நாலு அட்டைகள் வெளியே வந்தன. நாலிலும் வேறு ஆள் பெயர். படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிற முகங்களில் அறிவு இவ்வளவு மெதுவாக ஏறி நான் பார்த்ததில்லை. நொண்டிக் கழுதை மேடேறுவதைப் போல இருந்தது.

பேராசிரியர் மட்டும் பைக்குள் கை விடவில்லை.

"மங்கோகூட ஆடினது யாரு, கேப்டன்? நீங்கதான் அஞ்சாவது மேட்டுல நின்னு பாத்தீங்களே."

"ஹாலிபர்ட்டன்," என்றார் கேப்டன். பெயர் வெளியே வந்த பிறகுதான் அவருக்கே கேட்டது.

மங்கோ முன்னே வந்து, மண் கையால் மழைக்கோட்டு அட்டையைப் பெஞ்சில் வைத்தார். எல். ஹாலிபர்ட்டன்.

"ஓடி வர்ற அவசரத்துல என் பையிலேர்ந்து விழுந்திருக்கும்," என்றார் பேராசிரியர். குரல் இன்னும் பட்டுப்போலத்தான் இருந்தது. "யாரோ எடுத்து..."

"இருக்கலாம்," என்றார் மிஸ் டல்கார்னோ. "ஆனா அந்தக் கார்டுல இருக்கிறது உங்க பென்சில், உங்க எழுத்து. அஞ்சு நாளா இந்தக் கமிட்டி அதை நடுவுல வச்சுப் பேசியிருக்கு. நீங்களும் உக்காந்திருந்தீங்க. 'அடடே, இது என் பையில இருந்ததாச்சே'ன்னு ஒரு வார்த்தை சொல்லல. ஏன் சொல்லல?"

பேராசிரியர் தாடியைத் தடவினார். மாட்டிவிட வேண்டும் என்று திட்டம் போடக்கூட இந்த ஆளுக்குத் துணிச்சல் இல்லை. கார்டு கை நழுவியது, பெயர் மேஸ்திரியுடையது, பழி தானாகப் போய் விழுந்தது. வாயை மூடிக்கொண்டு அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

"என் பிரதி இருபத்திரண்டாம் எண்," என்றார் கடைசியில். "அதுல வரைபடம் கிழிஞ்சு போச்சு. ஒன்பது வருஷமா கிளப்புப் பிரதியைக் கேக்குறேன், குடுக்க மாட்டேன்னீங்க. நீங்க யாராவது அதைத் திறந்து பாத்ததுண்டா? ஒருத்தராவது? என் வீட்ல பத்திரமா இருக்கு. ஒரு கீறல் இல்ல."

"வீட்டைக் காலி பண்ணச் சொன்னீங்களே, அதுல கீறல் இல்லையா?" என்றேன்.

"நீங்க படிச்ச பொண்ணு. உங்களுக்குப் புரியும்னு நினைச்சேன்," என்றார் என்னிடம்.

"நல்லாவே புரியுது. அதான் பிரச்சினை."

கேப்டன் தொண்டையைக் கனைத்தார். கோர்ட்டில் கனைத்துப் பழகிய தொண்டை. "சரி. நடந்தது நடந்துபோச்சு. புத்தகம் திரும்ப வந்துரும். லுடோவிக் முப்பது வருஷ மெம்பர். வெளிய தெரிஞ்சா கிளப்புக்கு அசிங்கம். இதை இந்த ரூமோட விட்டுரலாம்." மற்ற மூவரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். பேராசிரியருக்கு ஒருவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். "பிட்கேர்ன் விஷயத்துல... ஊருக்குள்ள பேச்சு ஆயிடுச்சு. இனிமே இங்க இருந்தா அவனுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். நல்ல சர்டிஃபிகேட் குடுத்துரலாம். நோட்டீஸ் அப்படியே இருக்கட்டும்."

எனக்குக் கையில் கிடைத்த ஷூவைத் தூக்கி எறியத் தோன்றியது. இருநூறு ஜோடி இருந்தது. நானூறு வாய்ப்பு. மிஸ் டல்கார்னோ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க இஷ்டம்," என்றார் அவர், அலட்டிக்கொள்ளாமல். "மங்கோ நாளைக்கு ஆட வரமாட்டாரு. ஆனா அவர் ஆடின பதினோரு குழியைக் கணக்குல ஏத்தணும்ல? விதிப்படி ஆட்டக்காரர் சரிபாத்துக் கையெழுத்துப் போடணும். இல்லையா, கேப்டன்?"

விதி என்ற சொல்லைக் கேட்டதும் கேப்டன் நிமிர்ந்தார். "கட்டாயம். கையெழுத்தில்லாத கார்டு செல்லாது." உறையிலிருந்த கார்டை எடுத்து மங்கோவிடம் அவரே நீட்டினார்.

மங்கோ அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மண் விரல் ஒவ்வொரு கட்டமாக இறங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலில் நின்றது.

"இது தப்பு," என்றார்.

"எது?"

"நாலாவது. நான் மூணுல முடிச்சேன். இதுல அஞ்சுன்னு இருக்கு."

தண்ணீர் கொண்டுவரக் கிளம்பியவர் கதவருகிலேயே நின்றார்.

"மூணு," என்றார் கேப்டன் மெதுவாக. "மூணு! நான் கண்ணால பாத்தேன். பள்ளத்துக்குள்ளேர்ந்து. எல்லார்கிட்டயும் சொன்னேன்!" கார்டைப் பிடுங்கிப் பார்த்தார். அஞ்சு நாளாக அது அவருடைய கோட்டுப் பையில்தான் இருந்தது. பெயரை மட்டும் படித்திருக்கிறார். "அஞ்சு! லுடோவிக், நீ அஞ்சுன்னு எழுதியிருக்க!"

"மறதியா..."

"கோப்பைக் கணக்குல உனக்கும் அவனுக்கும் எத்தனை அடி வித்தியாசம்?"

"ஒண்ணு," என்றார் பேராசிரியர், தாடிக்குள்.

அப்புறம் நடந்ததை நான் எப்போதும் மறக்க மாட்டேன். திருட்டைக் கேட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்ன அதே மனிதர்கள் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார்கள். "பொய்க் கார்டு," என்றார் ஒருவர், சாவு செய்தி சொல்கிற குரலில். "இந்தக் கிளப்புல நூத்திப் பத்து வருஷத்துல நடக்காதது." ஒரு மனிதனின் வேலை, வீடு, மானம் மூன்றையும் திருடினால் அது சங்கடம். அடுத்தவன் கார்டில் இரண்டு அடியைக் கூட்டி எழுதினால் அது பாவம். இவர்களுக்கும் மனசாட்சி இருக்கிறது. நாலேகால் அங்குலக் குழிக்குள் வைத்திருக்கிறார்கள்.

"ராஜினாமா," என்றார் கேப்டன். "இன்னிக்கே. புத்தகத்தை ஏழு மணிக்குள்ள கொண்டுவந்து வச்சுட்டு, திரும்ப இந்தப் படி ஏறாத."

"நோட்டீஸ்?" என்றார் மிஸ் டல்கார்னோ.

கேப்டன் மங்கோவைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். "பொய்க் கார்டு எழுதினவன் இருந்த கமிட்டி எடுத்த முடிவு அது. செல்லாது."

"எழுத்துல," என்றேன். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஷூ பாலிஷ் டப்பாவின் மேல் வைத்து நானே எழுதினேன். குற்றம் இல்லை, வேலை தொடரும், வீடு தொடரும், கமிட்டி மன்னிப்புக் கேட்கிறது. கடைசி வரியைப் படித்துவிட்டு கேப்டன் பேனாவை உயர்த்தியபடி நின்றார். மிஸ் டல்கார்னோ பெப்பர்மிண்ட்டைக் கடித்தார். கையெழுத்து விழுந்தது. நாலு பேருடையதும்.

மங்கோ தாளை நாலாக மடித்து உள்பையில் வைத்தார். "நன்றி"யெல்லாம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

"அந்த வரைபடத்தை நாளைக்குக் காலையில பாக்கணும், கேப்டன்," என்றார். "கையைக் கழுவிட்டுத்தான் வருவேன்."

"வா... வாங்க," என்றார் கேப்டன்.

பிறகு மங்கோ என்னிடம் பென்சிலைக் கேட்டு வாங்கி, ஐந்தை அடித்து மூன்று என்று எழுதி, தன் கார்டில் கையெழுத்துப் போட்டார். பெஞ்சின் மேல் இன்னும் ஒரு கார்டு கிடந்தது. அதை எடுத்துத் துடைத்தார். கதவுவரை போய்விட்ட பேராசிரியரிடம் நீட்டினார். குரலில் கோபம்கூட இல்லை.

"உங்க கார்டு, சார். எல்லாக் குழிக்கும் சரியாத்தான் எழுதியிருக்கேன். பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."